அம்மன் தராசும் அரசாங்கப் படிவமும்

நான் வேலையிலையிருந்து இளைப்பாறி மூண்டு வருசம். இண்டைக்கும் எங்கையாவது கடலட்டைப் பிடிப்பை மூடினால் முதல் போன் எனக்குத்தான் வருது. போன கிழமையும் வந்தது. வட்ஸ்அப்பிலை ஒரு அறிவித்தலாம், கோட்டா முடிஞ்சுதாம், நாளையிலையிருந்து ஒருத்தரும் அட்டைக்கு இறங்கக்கூடாதாம். "ஐயா, உது என்ன ஞாயம்?" எண்டு என்னட்டைக் கேக்கினம். மருதனார்மடத்துச் சந்தையிலை கத்தரிக்காய் தெரிஞ்சுகொண்டு நிக்கிற மனிசனிட்டைக் கடலைத் திறந்துவிடச் சொன்னால் நான் என்ன செய்ய? கடற்றொழில் திணைக்களக் கந்தோரிலை இப்ப இருக்கிற பிள்ளையளைக் கேளுங்கோ எண்டால், பின்னேரம் அந்தப் பிள்ளையளும் எனக்குத்தான் எடுக்குதுகள். உங்கடை காலத்திலை ஒருக்கா மூடின கடலைத் திருப்பித் திறந்தனீங்களாமே, அது எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு. சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோச்சு. எழுதி வைக்கிறன், வாசிக்கட்டும்.

நான் கடற்கரை ஆளில்லை. வலிகாமத்துப் புகையிலைத் தோட்டக்காரன்ரை மகன். வாத்தியார் வேலை கிடைக்கேல்லை எண்டுதான் கடற்றொழில் பரிசோதகர் சோதினை எழுதினது. பயிற்சிக் காலத்திலை மீனுகளின்ரை பேரை லத்தீனிலை பாடமாக்கினன். முதல் நாள் வள்ளத்திலை ஏத்தினவுடனை சத்தி எடுத்தன். வள்ளம் ஓட்டினவர், ஐயா மீனுக்குத் தீன் போடுறார் எண்டு சொன்னது கரை முழுக்கப் பரவி, ஒரு வருசத்துக்கு அதுதான் என்ரை பட்டப்பேர். பயிற்சியைப் பற்றி இதுக்குமேலை சொல்ல ஒண்டுமில்லை.

முப்பது வருசத்துக்கு மேலை செய்த வேலையிலை கனக்கப் பாத்திட்டன். ஆனால் இப்பவும் நினைச்சால் நெஞ்சு எரியுறது ஒரு பருவம்தான். ஊரின்ரை பேரை எழுதமாட்டன். எழுதினால் அதுக்கும் ஒரு போன் வரும். வடகரையிலை, கீரிமலைக்கு அங்காலை, ஒரு சின்னத் துறை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.

கோட்டா எண்டால் என்னவெண்டு தெரியாத ஆக்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு பருவத்திலை ஒரு மாவட்டத்திலை இவ்வளவு கடலட்டைதான் பிடிக்கலாம் எண்டு மேலிடம் ஒரு அளவு போடும். ஒவ்வொரு துறையிலையும் பிடிச்சதை எழுதி, மாதா மாதம் கூட்டி, அந்த அளவு வந்தவுடனை கடலை மூடவேணும். மிச்சம் கிடக்கிறது குஞ்சு பொரிச்சுப் பெருகட்டும் எண்டுதான். அது நல்ல விசயம். நான் வேலைக்கு வந்த புதிசிலை ஒரு பகுதியிலை அட்டையை இப்பிடி வழிச்சுத் துடைச்சு எடுத்துப்போட்டு, பேந்து அஞ்சாறு வருசம் சுழியோடியள் வெறும் மண்ணைத்தான் பாத்துக்கொண்டு வந்தவை. அதைக் கண்ணாலை கண்டபடியால், கடலை மூடுற சட்டத்துக்கு நான் ஒருநாளும் எதிரில்லை. அதைச் செய்த விதத்துக்குத்தான் எதிர்.

அந்தத் துறையிலை சங்கச் செயலாளராய் இருந்தவர் நவரத்தினம் அண்ணை. முந்தி வள்ளத்திலை போனவர், பேந்து கண் மங்கிக் கரையிலை நிண்டுபோனவர். நல்ல வடிவான கையெழுத்து. அந்த ஊரிலை ஒரு வழக்கம் இருந்தது. எந்த வள்ளம் கரைக்கு வந்தாலும் முதல் வேலை, பிடிச்சதை அம்மன் கோயிலடித் தராசிலை வைக்கிறது. அதிலை ஒரு சின்னப் பங்கு அம்மனுக்கு. மகமை எண்டு சொல்லுவினம். அந்தப் பங்கை வியாபாரி எடுத்துக்கொண்டு திருவிழாவுக்கு அரிசியும் எண்ணெயுமாய்க் குடுப்பார். தராசிலை வைச்சதை எழுத ஒரு கொப்பி. அந்தக் கொப்பியை வைச்சிருந்தவரும் நவரத்தினம் அண்ணைதான். அதிலை கள்ளம் எழுத அங்கை ஒருத்தருக்கும் துணிவு வராது. கால்கழுவி வந்துதான் அந்தாள் அந்தக் கொப்பியைத் தொடுவார்.

எங்கடை படிவத்தை அவருக்கு நிரப்பப் பழக்கினது நான். அந்தப் படிவம் எல்லா மீனுக்கும் பொதுவாய் ஆரோ எந்தக் காலத்திலையோ அடிச்சது. துறை, வள்ளம், இனம், நிறை, அவ்வளவுதான் அதிலை இருந்தது. நிறை எண்ட இடத்திலை என்ன எழுத எண்டு அண்ணை கேட்டார். நான் பெரிய புத்திசாலி. தராசிலை காணுறதை அப்பிடியே எழுதுங்கோ அண்ணை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

அட்டை தெரிஞ்ச ஆக்கள் இப்ப தலையிலை அடிச்சுக்கொண்டிருப்பினம். கடலாலை வாற பச்சை அட்டை முழுக்கத் தண்ணி. அதைக் கீறிக் குடல் எடுத்து, அவிச்சு, மண்ணுக்கை தாட்டு, தோலை உரஞ்சி, திருப்பி அவிச்சு, வெயிலிலை காயவிட்டால், ஒரு உரப்பை அட்டை ஒரு சொப்பிங் பைக்குள்ளை அடங்கும். மற்றத் துறையளிலை அட்டை நேரை வியாபாரி அவிச்சுக் காயவிடுற வாடிக்குப் போய், அங்கை காய்ஞ்ச பிறகுதான் நிறுத்து எழுதினவை. கோட்டாவும் காய்ஞ்ச நிறையிலைதான் போட்டிருந்தது. அம்மன் தராசுள்ள இந்த ஒரு ஊரிலை மட்டும் பச்சையாய் நிறுத்து, ஒரு இறாத்தல் குறையாமல் எழுதினவை. நான் அதை மற்றதுகளோடை கூட்டிக் கையெழுத்து வைச்சு மேலை அனுப்பிக்கொண்டிருந்தன். புகையிலைத் தோட்டக்காரன்ரை மகனுக்குப் பச்சைக்கும் காய்ஞ்சதுக்கும் வித்தியாசம் தெரியேல்லை எண்டு கேள்விப்பட்டிருந்தால் என்ரை ஐயா செருப்பாலை அடிச்சிருப்பார்.

பருவம் அரைவாசி போகமுதல், ஆவணியிலை, கொழும்பிலையிருந்து கடிதம் வந்துது. கோட்டா முடிஞ்சுது, உடனை மூடவும். நான் எல்லாத் துறையிலையும் அறிவித்தல் ஒட்டிக்கொண்டு திரிஞ்சன். ஏச்சு வாங்கினன், பரவாயில்லை, அது சம்பளத்தோடை வாறது. ஒரு கிழமை கழிச்சு வாடி வைச்சிருக்கிற வியாபாரி ஒராள் வழியிலை மறிச்சு, கோட்டாவிலை கால்வாசிச் சாமான்கூட எங்கடை ஆக்கள் ஒருத்தரிட்டையும் இல்லை, அப்ப மிச்ச அட்டையைக் கந்தோரிலையே அவிச்சுச் சாப்பிட்டனீங்களோ எண்டு கேட்டார். சிரிச்சுப்போட்டு வீட்டை வந்து, தாளெல்லாத்தையும் கட்டிலிலை பரப்பிப் பாத்தன். மற்ற எல்லாத் துறையும் சேர்த்து எழுதினதிலும் பாக்க நவரத்தினம் அண்ணை தனிய எழுதினது கூட. அந்த ஊரிலை பத்துப் பன்ரண்டு வள்ளம்தான். அவர் எழுதினது பச்சை நிறை எண்டு அப்பதான் எனக்கு விளங்கிச்சுது.

அடுத்தநாள் விடியவே பெரியவரிட்டை ஓடினன். உதவிப் பணிப்பாளர். பேர் வேண்டாம், இப்ப உயிரோடை இல்லை, நல்ல மனிசன்தான். ஒருநாளும் சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். மேசைக் கண்ணாடியைக் காலமையிலை லேஞ்சியாலை துடைச்சு, அந்த லேஞ்சியை நாலாய் மடிச்சுக் கதிரைக் கையிலை போட்டபிறகுதான் ஆரோடையும் கதை. ஒரு கடிதம் குடுத்தால் ரெண்டுதரம் வாசிப்பார். முதல்தரம் எழுத்துப்பிழைக்கு, ரெண்டாந்தரம் விசயத்துக்கு. முதல்தரத்திலை பிழை கண்டால் ரெண்டாந்தரம் வாசிக்காமலே திருப்பித் தருவார்.

நான் எழுதிக்கொண்டு போன கடிதத்தை வாசிச்சு, பேனையை மூடி, என்னை நிமிர்ந்து பாத்தார்.

"தவறு எண்ட சொல்லு வேண்டாம் காணும். வேறுபாடு எண்டு போடும்."

போட்டுக்கொண்டு போனன். ஆராலை ஏற்பட்ட வேறுபாடு எண்டு கடிதத்திலை இருக்கக்கூடாது எண்டார். அதையும் எடுத்தன். பேந்து, வெறும் கடிதத்தை நம்பி மேலை ஒருத்தரும் கையெழுத்து வைக்கமாட்டினம், அந்தக் கோயில் கொப்பியின்ரை பிரதி ஒண்டு அந்த ஊர்க் கிராம அலுவலர், விதானையார், உறுதிப்படுத்தி வேணும் எண்டார். ஒவ்வொரு முறையும் ரெண்டு மூண்டு நாள் போகும். கடிதம் அந்த மேசைக் கண்ணாடிக்குக் கீழை கிடக்கும், நான் கதவடியிலை நிண்டு அதைப் பாத்துக்கொண்டு நிப்பன். சேர், வாடைக்காத்து எழும்பினால் கடல் கலங்கிப்போம், பேந்து திறந்தும் பிரயோசனமில்லை எண்டு ஒருநாள் சொல்லிப் பாத்தன். காத்துக்குப் பயந்து கந்தோர் நடத்தேலாது எண்டு மெதுவாய்ச் சொன்னார். கோவிக்கவுமில்லை. கோவிச்சிருந்தால் நானும் திருப்பிக் கோவிச்சிருக்கலாம்.

ஊரிலை நவரத்தினம் அண்ணையின்ரை பாடு சொல்லேலாது. மற்ற ஊர் ஆக்கள் வந்து, நீதானே உள்ளதை முழுக்க எழுதிக் கடலை மூடுவிச்சனி எண்டு முகத்துக்கு நேரை கேட்டவை. அதிலும் அவருக்கு உறைச்சது சொந்த மச்சானின்ரை கதை. ராசன் எண்டு பேர், அண்ணையின்ரை ஒரே தங்கச்சியின்ரை புருசன். முந்தி ஆழக்கடலிலை சங்குக்குச் சுழியோடி, கெதியாய் மேலை வந்து, ஒரு கால் இழுத்துப்போச்சு. வலைவள்ளத்திலை அந்தக் காலோடை நிண்டு பிடிக்கேலாது. ஆழமில்லாத தண்ணியிலை அட்டை பொறுக்கிறது ஒண்டுதான் அவனாலை ஏலும். தண்ணிக்குள்ளை அந்தக் கால் அவனுக்குப் பாரமில்லை. வருசத்திலை அந்த நாலைஞ்சு மாதம்தான் அவன்ரை உழைப்பு முழுக்க. அதிலை பாதியை மச்சான்ரை பேனை வெட்டிப்போட்டுது எண்டு அவன் கோயில் வாசலிலை வைச்சுச் சொன்னானாம்.

அதைக் கேட்டிட்டுத்தான் நான் அந்த மடைத்தனத்தைச் செய்தன். அண்ணையிலை பழி வரக்கூடாதெண்டு, துறையிலை ஆக்களைக் கூப்பிட்டு, பிழை அவரிலை இல்லை, எங்கடை கணக்கிலைதான், திருத்தக் கடிதம் போகுது, கொஞ்சம் பொறுங்கோ எண்டு சொன்னன். கையெழுத்து வாங்காத கடிதத்தைப் பற்றி வாய் திறக்கக்கூடாதெண்டு எனக்கு அத்தனை வருசச் சேவையிலை தெரியாமலே போச்சு.

புரட்டாதியிலை ஒரு காலமை, கொப்பிப் பிரதி எடுக்க விதானையாரையும் கூட்டிக்கொண்டு கோயிலடிக்குப் போனன். அண்ணை கால்கழுவி வந்து கொப்பியை விரிச்சு வைச்சிருந்தார். நான் பாத்து எழுத, விதானையார் ஒவ்வொரு பக்கமாய்ச் சரிபாத்துக்கொண்டிருந்தார். எட்டரை மணியிருக்கும். ராசன்ரை வள்ளம் கரைக்கு வந்தது. அவன் காலை இழுத்து இழுத்து மணலாலை நடந்து வந்தான். தோளிலை ஒரு உரப்பை. எங்களைக் கண்டும் அவன் ஒளிக்கேல்லை. நேரை வந்து உரப்பையைத் தராசிலை வைச்சான். பச்சை அட்டை, முட்ட முட்ட.

"எழுது மச்சான்" எண்டான். "குறையாமல் எழுது."

நவரத்தினம் அண்ணை என்னைப் பாத்தார். எழுதாமல் விட்டால் அம்மன்ரை கொப்பி பொய். எழுதினால் மச்சானுக்கு விலங்கு. அந்தாள் எழுதினார். விதானையார் தொண்டையைச் செருமிக்கொண்டு கடலைப் பாத்தார்.

"ராசன், கடல் மூடியெல்லே கிடக்கு" எண்டன்.

"களவெடுக்கிறவன் அம்மன்ரை தராசிலை கொண்டுவந்து வைப்பனே, ஐயா? கணக்குப் பிழையெண்டு நீங்கள்தானே எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள். உங்கடை பிழைக்கு நான் ஏன் பட்டினி கிடக்கோணும்?"

அவன் கேட்டதிலை ஒரு சொல்லுப் பிழையில்லை. தனிய நிண்டிருந்தால், சத்தியமாய்ச் சொல்லுறன், நான் திரும்பி நடந்திருப்பன். ஆனால் பக்கத்திலை அரசாங்க உத்தியோகத்தர் ஒராள் நிக்கிறார், எனக்கு முன்னாலை திகதி போட்டு எழுதின கொப்பி ஒண்டு கிடக்கு, அதின்ரை பிரதியை நானே கந்தோருக்குக் கொண்டுபோகப் போறன். பாக்காதமாதிரி இருக்க வழியில்லை. பையிலையிருந்து கைப்பற்றல் புத்தகத்தை எடுத்தன்.

மூண்டு பிரதி எழுதவேணும். இடம், நேரம், ஆளின்ரை பேர், வள்ளத்து இலக்கம், பொருள், நிறை, சாட்சி ரெண்டு பேர். முதல் சாட்சி விதானையார். ரெண்டாவதுக்கு ஆரும் கிட்ட வரேல்லை. நவரத்தினம் அண்ணைதான் வந்து கையெழுத்து வைச்சார். நான் கேக்கேல்லை. தராசிலை நிறுத்தது நான்தானே எண்டு சொல்லிப்போட்டு வைச்சார். உரப்பை வாயைக் கட்டி, அரக்கு உருக்கி, முத்திரை வைச்சன். ராசன் கீழை மணலிலை குந்தியிருந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தான்.

பின்னேரம் பெரியவரிட்டை அறிக்கையைக் குடுத்தன். முதல்தரம் வாசிச்சார், எழுத்துப்பிழை இல்லை. ரெண்டாந்தரம் வாசிச்சார். விரலை நிறை எண்ட இடத்திலை வைச்சார்.

"இது பச்சை நிறையோ, காய்ஞ்ச நிறையோ? தெளிவாய்ப் போடும் காணும். நீதிமன்றத்திலை கேப்பினம்."

எனக்கு வந்த விசருக்கு அந்த மேசைக் கண்ணாடியைத் தூக்கி அடிச்சிருப்பன். ஒரு மாதமாய் அதைத்தானே ஐயா நான் கத்துறன் எண்டு கேக்க வாய் வந்தது. பச்சை எண்டு எழுதிக் குடுத்தன். சம்பளம் வாங்கிற வாய் அப்பிடித்தான்.

முத்திரை வைச்ச அட்டை ரெண்டு நாளிலை கரைஞ்சு நாறி, கந்தோர்ச் சுவரிலை இருந்த பல்லிகூட ஓடினது. வழக்கிலை ராசன், ஓம் எடுத்தனான் எண்டு ஒரே சொல்லிலை முடிச்சிட்டான். கணக்குப் பிழை எண்டு என்னைச் சாட்சிக்கு இழுப்பான் எண்டு பயந்துகொண்டு போனன். என்ரை பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. நீதவான் தண்டம் விதிச்சு, வள்ளத்தை அடுத்த பருவம் தொடங்குமட்டும் மறிச்சு வைக்கச் சொன்னார்.

எங்கடை கடிதத்துக்கு இன்னும் ஒண்டு குறை இருந்தது. கொழும்புக்குச் சிங்களத்திலை ஒரு பிரதி வேணும். மொழிபெயர்க்கிற பிள்ளை பிள்ளைப்பேற்று லீவிலை. கொடிகாமத்திலை எனக்குத் தெரிஞ்ச, இளைப்பாறின தபால்காரர் ஒராளிட்டை பஸ் ஏறிப் போய் எழுதுவிச்சுக்கொண்டு வந்தன். பெரியவர் தமிழை மட்டும் சரிபாத்துக் கையெழுத்து வைச்சார்.

பதில் ஐப்பசியிலை வந்துது. நிறை வேறுபாடு ஏற்றுக்கொள்ளப்பட்டது, கோட்டாவின் மிகுதியைப் பிடிக்கலாம், பிடிப்பு உடனை திறக்கப்படுகிறது. வாடை எழும்பி நாலு நாள். நான் அறிவித்தலோடை துறைக்குப் போக, வள்ளங்களெல்லாம் மேட்டிலை ஏத்திக் கவிழ்த்துக் கிடக்குது. கடல் சேத்துத் தண்ணி. இறங்கினவன் தன்ரை கையைக்கூடக் காணமாட்டான். ஒருத்தரும் ஏசேல்லை. ஏசியிருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும். ராசன்ரை மனிசி மட்டும் படலைக்கு வந்து, "அண்ணைக்குச் சொல்லிவிடுங்கோ ஐயா, இனி எங்கடை வாசலுக்கு வரவேண்டாமெண்டு" எண்டாள். அவரின்ரை வீடு அடுத்த வளவு, நடுவிலை ஒரு வேலிதான். அதையும் நான் கொண்டுபோய்ச் சொல்லவேண்டி வந்துது. அவர் கேட்டுப்போட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ எண்டார்.

அடுத்த பருவம் புதுப் படிவம் வந்தது. பச்சை நிறைக்கு ஒரு நிரல், காய்ஞ்ச நிறைக்கு ஒரு நிரல். பெரியவர் அதைத் தன்ரை சாதனை எண்டு கூட்டத்திலை சொன்னார். முதல் மாதம் முடிய நான் நவரத்தினம் அண்ணையிட்டைப் படிவம் வாங்கப் போனன். அதே வடிவான கையெழுத்து. ரெண்டு நிரலும் நிரப்பியிருந்தார். நிறையைப் பாத்தவுடனை, குறைச்சு எழுதியிருக்கிறார் எண்டு எனக்கு விளங்கிப்போச்சு. கரையிலை நிண்டு காலாலை தடவினாலே அதிலும் கூட அட்டை கிடைக்கும். அண்டைக்கு மட்டும் மூண்டு வள்ளம் உரப்பை உரப்பையாய் இறக்கினதை வழியிலை என்ரை கண்ணாலை கண்டுகொண்டுதான் வந்தனான்.

"அண்ணை, உது உள்ளதோ?" எண்டு கேட்டன்.

அவர் எழும்பிப் போய்க் கால்கழுவி வந்து, கோயில் கொப்பியை எடுத்து எனக்கு முன்னாலை வைச்சார்.

"உள்ளது இதிலை கிடக்கு, ஐயா. அம்மனுக்கு நான் பொய் எழுதேல்லை, எழுதவும் மாட்டன். உங்களுக்கு உள்ளதை எழுதித்தான் எனக்கு இருந்த ஒரு தங்கச்சியும் இல்லாமல் போனாள். மருமோளின்ரை சாமத்தியச் சடங்குக்கும் எனக்குச் சொல்லேல்லை, வேலிக்கு இஞ்சாலை நிண்டு மேளச் சத்தம் கேட்டனான். இனி உங்கடை கந்தோருக்கு உவ்வளவுதான். வேணுமெண்டால் நீங்களே நிறுத்து எழுதுங்கோ."

நிறுத்து எழுதியிருக்கலாம். தராசு அங்கைதான் நிண்டுது, கொப்பி முன்னாலை திறந்து கிடந்தது. இப்பிடியே பொய் எழுதிக்கொண்டு போனால் கோட்டா ஒருநாளும் நிரம்பாது, கடலை மூட நேரமும் வராது, கடைசியிலை வழிச்சுத் துடைச்ச மண்தான் மிஞ்சும் எண்டு அந்தத் துறையிலை என்னைவிட வடிவாய்த் தெரிஞ்சவன் ஆரும் இல்லை. ஆனால் அந்த மனிசன்ரை முகத்தைப் பாத்து, உண்மையை எழுதுங்கோ எண்டு இன்னொருக்காச் சொல்ல என்ரை நாக்கு எழும்பேல்லை. பேனையை எடுத்துக் கையெழுத்து வைச்சன்.

பெரியவரிட்டைக் கொண்டுபோய் வைச்சன். லேஞ்சியை மடிச்சுப்போட்டு, ரெண்டுதரம் வாசிச்சார். ஒரு எழுத்தும் திருத்தேல்லை. ஒண்டும் கேக்கேல்லை. இப்பதான் காணும் அந்தத் துறைக்காரர் படிவம் நிரப்பப் பழகியிருக்கினம் எண்டு சொல்லி, எனக்கு முன்னாலையே கையெழுத்து வைச்சுத் தந்தார். அந்தக் கந்தோரிலை நான் குடுத்த கடுதாசிகளிலை அவர் ஒருக்காகூடத் திருப்பித் தராத முதல் கடுதாசி அதுதான்.